குடித்தால்தான் சிரிக்க வைக்க முடியுமா? தம்பிக்காகக் கேட்கிறேன்

பாலக்கோடு தையல்காரி:

எல்லோருக்கும் வணக்கம். பாலக்கோட்டில் தையல் கடை வைத்திருக்கிறேன். என் தம்பிக்கு 28 வயது. தெருக்கூத்தில் கட்டியக்காரன் வேடம் கட்டுகிறான். எங்கள் பக்கம் கோமாளி என்றும் சொல்வார்கள். அவனுடைய கோட்டு, கால்சட்டை, கூம்புத் தொப்பி எல்லாம் என் கையால் தைத்தவை. அதனால் அவன் உடம்பின் கணக்கு என் அளவு நோட்டில் இருக்கிறது. போன பங்குனியில் இடுப்பு 34 இன்ச். ஆவணியில் 32. இந்தத் தை மாதம் 30. இரண்டு முறை தையலைப் பிரித்து இடுப்பைப் பிடித்துத் தைத்துவிட்டேன். இன்னொரு முறை பிடித்தால் கால்சட்டையின் பின்பைகள் இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். அன்றைக்கு இன்ச் டேப் கழுத்தில் தொங்க, கடையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

அவன் எப்படிப்பட்ட கலைஞன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். குடிகாரன் என்று மட்டும் யாரும் நினைத்துவிடக் கூடாது. சிறு வயதில் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தைப் பதினெட்டு இரவும் கண் கொட்டாமல் பார்த்தவன். படுகளம் முடிந்த மறுநாள் துரியோதனன், பீமன், பாஞ்சாலி மூன்று பேர் குரலிலும் திண்ணையில் நின்று பேசிக் காட்டினான். அப்பா கூலி வேலை முடிந்து வந்து சிரித்தே பார்த்திராத எனக்கு, அன்றைக்குத்தான் அவருடைய பல்வரிசை தெரிந்தது. 17 வயதில் கூத்து வாத்தியார் அவனைக் குழுவில் சேர்த்துக்கொண்டார்.

கட்டியக்காரன் வேலை சுலபம் என்று பலர் நினைக்கிறார்கள். திரைக்கு முன்னால் முதலில் வருபவன் அவன்தான். ராஜாவுக்குக் கட்டியம் கூற வேண்டும், சேவகனாக நிற்க வேண்டும், கதையை ஊருக்கு விளக்க வேண்டும், இரவு இரண்டு மணிக்குத் தூங்கி வழிகிற கூட்டத்தைத் தட்டி எழுப்ப வேண்டும். இதற்கெல்லாம் எழுதி வைத்த வசனம் கிடையாது. தம்பி கூத்து நடக்கிற ஊருக்கு மதியமே போய்விடுவான். டீக்கடையில் உட்கார்ந்து ஊர்ச் செய்தி கேட்பான். எந்தத் தெருவில் தண்ணீர் வரவில்லை, யாருடைய மாடு யாருடைய ராகிக் கொல்லையில் மேய்ந்தது என்பதெல்லாம் இரவில் மேடைக்கு வந்துவிடும்.

போன பங்குனியில் பென்னாகரம் பக்கம் ஒரு ஊரில் அர்ச்சுனன் தபசு நடந்தது. அர்ச்சுனன் தபசு மரத்தில் பாதி ஏறியிருந்தபோது மின்சாரம் போய்விட்டது. மைக் நின்றுவிட்டது. கூட்டம் கலையத் தொடங்கியது. தம்பி ஒரு செல்போன் வெளிச்சத்தில் நின்று, மேலே பார்த்து, "சுவாமி, சிவனைப் பார்ப்பது இருக்கட்டும், அவ்வளவு தூரம் ஏறிவிட்டீர்கள், கம்பியில் என்ன கோளாறு என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்றான். அதற்குப் பிறகு இருட்டிலேயே முக்கால் மணி நேரம் அந்த ஊரை உட்கார வைத்தான். யாரோ எடுத்த மூன்று நிமிட வீடியோவை 18 லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள்.

அவ்வளவுதான், வாழ்க்கை தலைகீழாக மாறிவிட்டது. ஓர் இரவுக்கு 900 ரூபாய் வாங்கியவனைக் காதுகுத்துக்கும் கடைத் திறப்புக்கும் 15,000 கொடுத்து அழைக்கிறார்கள். கார் அனுப்புகிறார்கள். காரிலேயே பாட்டிலும் இருக்கிறது. அதற்கு முன்னும் திருவிழா முடிந்தால் குடிப்பான், மறுக்கவில்லை. இப்போது தினமும். நம்முடைய ஊர்ப் பிள்ளை, நம்மோடு ஒரு கிளாஸ் குடிக்க வேண்டும் என்று அன்பாகத்தான் ஊற்றுகிறார்கள். அந்த அன்பை எப்படித் தடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். அவன் முகத்துக்கு அவனேதான் அரிதாரம் பூசுவான். வெள்ளை பூசி, கன்னத்திலும் நெற்றியிலும் சிவப்புப் புள்ளிகள். புள்ளிகள் சோளப்பொரி அளவு, ஒன்றுபோல இருக்க வேண்டும். கார்த்திகையில் ஒரு நாள் மாலை கண்ணாடி பிடித்துக்கொண்டு எதிரில் நின்றேன். அவன் விரல் கன்னத்துக்குப் போகும்போதே நடுங்கியது. புள்ளி இழுபட்டு வால் முளைத்தது. துடைத்தான், மறுபடியும் வைத்தான், மறுபடியும் வால். எழுந்து பின்னால் போனான். கால் மணி நேரத்தில் திரும்பி வந்து ஐந்து புள்ளிகளையும் அச்சு வார்த்தது போல வைத்தான். வைத்துவிட்டு, "பார்த்தாயா அக்கா, உள்ளே போனால்தான் கை கேட்கிறது, வாயும் கேட்கிறது" என்றான். என்னிடம் பதில் இல்லை. கண்ணால் பார்த்தது அவன் சொன்னபடிதான் இருந்தது.

அவனுடைய செல்போனைத் திறந்தால் பழைய சினிமா நகைச்சுவை நடிகர் சந்திரபாபுவின் படம். மேடையில் அவர் பாட்டுகளைப் பாடுவான், அவரைப் போலவே உடம்பை ஒடித்து ஆடுவான். "அவரும் குடித்தார், அதனால்தான் அப்படி ஆட முடிந்தது. பெரிய கலைஞர்கள் எல்லோரும் அப்படித்தான்" என்கிறான். போன வாரம் திரை பிடித்துவிட்டார்கள், தாளம் தொடங்கிவிட்டது, கட்டியக்காரன் வரவில்லை. தேடிப் போனால் புளியமரத்துக்குப் பின்னால் வேடத்தோடு விழுந்து கிடந்தான். வாத்தியார் ஒரு வார்த்தை திட்டவில்லை. தன் துண்டை மடித்து அவன் தலைக்குக் கீழே வைத்துவிட்டு மேடைக்குப் போனார்.

சந்திரபாபு பற்றித் தம்பி சொல்வது உண்மையா? உண்மையில்லை என்றால் அவனுக்கு எப்படிப் புரிய வைப்பது? இதிலிருந்து மீண்டவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.

காவேரிப்பட்டணம் வாத்தியார்:

அம்மா, நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். சந்திரபாபு படங்களைக் கூடாரக் கொட்டகையில் மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து பார்த்தவன். அவரைப் பற்றி உன் தம்பி அரைகுறையாகக் கேள்விப்பட்டிருக்கிறான். முழுவதையும் சொல்கிறேன், அவனிடம் படித்துக் காட்டு.

தூத்துக்குடியில் 1927இல் பிறந்தவர். அப்பா விடுதலைப் போராட்டக்காரர். ஆங்கிலேய அரசு குடும்பத்தை இலங்கைக்கு அனுப்பியதால் கொழும்பில் வளர்ந்தார். பிறகு சென்னைக்கு வந்து ஸ்டுடியோ ஸ்டுடியோவாக ஏறி இறங்கினார். 1947இல் முதல் படம். அதற்குப் பிறகும் வாய்ப்பு வரவில்லை. 1952இல் மனம் உடைந்து ஜெமினி ஸ்டுடியோவில் தற்கொலைக்கு முயன்று, பிழைத்து, வழக்கு நீதிமன்றம் வரை போனது. அங்கே அவர் தீக்குச்சியைக் கொளுத்தித் தன் கையில் வைத்துக்கொண்டு, நான் சுட்டுக்கொண்டது உங்களுக்குத் தெரியும், அந்தச் சூடு உங்களுக்குத் தெரியாது என்ற பொருளில் நீதிபதியிடம் சொன்னதாக அவரைப் பற்றி எழுதியவர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். அந்த வேதனை பெயர் வருவதற்கு முன்பே அவருக்குள் இருந்தது. உன் தம்பிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டுப் பார்த்தாயா? குடிக்காதே என்று சொல்வதற்கு முன்னால் அதைக் கேள்.

இப்போது கணக்கைப் பார். இன்றைக்கும் நாம் திரும்பத் திரும்பப் பார்க்கிற சந்திரபாபு எந்த ஆண்டுகளில் இருக்கிறார்? 'புதையல்' 1957. 'சபாஷ் மீனா' 1958. 'மரகதம்' 1959. 'அன்னை' 1962. தொண்டையை மேலும் கீழும் உடைத்து மேற்கத்திய முறையில் பாடுகிறாரே, அந்த வித்தையைத் தமிழ்ப் படப்பாட்டில் நிலைநிறுத்தியவர் அவர். மூச்சு ஒரு நொடி தவறினால் குரல் கிழிந்துவிடும். எலும்பில்லாதவர் போல ஆடும்போதும் அவருடைய கால் தாளத்தை விட்டு விலகியதே இல்லை. தன்னை மறந்தவனால் செய்ய முடிகிற வேலையா இது?

பிறகு என்ன நடந்தது? 1960இல் கண்ணதாசன் தயாரித்த படத்தில் கதாநாயகன். படப்பிடிப்புக்கு நேரத்துக்கு வரவில்லை, தயாரித்தவர் பெரும் நஷ்டப்பட்டார். எம்.ஜி.ஆரை வைத்துத் தானே இயக்கத் தொடங்கிய 'மாடி வீட்டு ஏழை' பாதியில் நின்றது. கார் மாடிக்கே ஏறிப் போகும்படி திட்டமிட்டுக் கட்டிய வீடு கைவிட்டுப் போனது. 1966இல் அவர் இயக்கிய படம் ஓடவில்லை. மதுவோடு பெத்திடின் என்ற வலிமருந்து ஊசியும் சேர்ந்துகொண்டது. 1974 மார்ச் 8ஆம் தேதி இறந்தபோது வயது 46. போதை திறமையைக் கொடுக்கும் என்றால், போதை அதிகமான அந்தக் கடைசிப் பத்து ஆண்டுகளில்தானே அதிகம் கொடுத்திருக்க வேண்டும்? அந்த ஆண்டுகளில் நம் நினைவில் நிற்கிற படங்கள் எத்தனை என்று உன் தம்பியையே எண்ணிச் சொல்லச் சொல்.

எனக்கு அவர்மேல் கோபம் இல்லை. கோபம் எல்லாம், அவர் இருந்திருந்தால் இன்னும் என்ன செய்திருப்பார் என்று நினைக்கும்போது எழுவதுதான். 46 வயது, அம்மா. நான் தலைமையாசிரியர் ஆனதே அந்த வயதில்தான்.

அரூர் பலகுரல்:

வாத்தியார் ஐயா சொன்னதில் ஒரு தவறும் இல்லை. ஆனால் குடித்துக்கொண்டிருக்கிறவனிடம் அதைப் படித்துக் காட்டினால் பயன் இருக்காது. நான் அனுபவப்பட்டவன். கோயில் திருவிழாக்களில் பலகுரல் நிகழ்ச்சி நடத்துகிறேன். பதினோரு ஆண்டு குடித்தேன். நிறுத்தி ஒன்பது ஆண்டு ஆகிறது. அந்த நாட்களில் யாராவது இப்படிப்பட்ட கலைஞர்களின் சாவைச் சொன்னால் எனக்குப் பயம் வராது, ஆசைதான் வரும். என்னையும் இப்படிப் பேசுவார்கள் என்று தோன்றும்.

குடியை விட்ட பிறகு இப்படிப்பட்டவர்களைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் ஜான் பெலூஷி என்று ஒருவர். 1975இல் தொடங்கிய சனிக்கிழமை இரவு நேரலை நகைச்சுவை நிகழ்ச்சியில் நாடு முழுக்கப் பெயர் வாங்கினார். 1978இல் ஒரு படம், அதோடு உச்சிக்குப் போய்விட்டார், அப்போது வயது 29. 1982 மார்ச் 5ஆம் தேதி லாஸ் ஏஞ்சலிஸ் விடுதி ஒன்றில் ஹெராயினும் கோகெய்னும் கலந்த ஊசியால் இறந்தார். வயது 33. அப்போது கிறிஸ் ஃபார்லி என்ற பையனுக்கு 18 வயது. பெலூஷியைத் தெய்வமாகக் கொண்டாடியவன். அதே நிகழ்ச்சியில் இடம் பிடித்தான், அதே போலப் பெயர் வாங்கினான். பல முறை சிகிச்சைக்குப் போனான், பல முறை திரும்பிக் குடித்தான். 1997 டிசம்பரில் சிகாகோவில் போதை மிஞ்சி இறந்தான். அவனுக்கும் 33. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பெலூஷி எப்படிச் செத்தார் என்று முழுவதும் தெரிந்தவனுக்கே அந்தச் சாவு எச்சரிக்கையாகப் படவில்லை. அதனால்தான் தங்கச்சி, சந்திரபாபு சாவைச் சொல்லித் தம்பியைத் திருப்பலாம் என்று நம்பியிருக்காதே.

அப்படியானால் என்னைத் திருப்பியது எது? என் நிகழ்ச்சியின் வீடியோ. ஒரு நண்பன் காலை ஏழு மணிக்கு, நான் முதல் கிளாஸ் குடிப்பதற்கு முன், எதுவும் பேசாமல் போட்டுக் காட்டினான். நான் தூள் கிளப்பியதாக நினைத்துக்கொண்டிருந்த நிகழ்ச்சி அது. ஒரே ரயில் சத்தத்தை மூன்று முறை செய்திருக்கிறேன். முன்வரிசைப் பெண்கள் குழந்தைகளை அழைத்துக்கொண்டு எழுந்து போகிறார்கள். கடைசியில் கூட்டம் சிரிக்கிறது. நான் மைக் கம்பியில் தடுக்கி விழுந்ததற்கு. உன் தம்பியின் மின்சாரம் போன இரவு வீடியோவையும், இப்போதைய காதுகுத்து வீடியோ ஒன்றையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டு. மதியமே போய் டீக்கடையில் உட்காருகிறானா இன்னும்? காரில் ஒன்பது மணிக்குப் போய் இறங்குகிறவனுக்கு அந்த ஊரின் மாடு எங்கே மேய்ந்தது என்று எப்படித் தெரியும்? அவன் திறமை முழுவதும் அந்த டீக்கடையில் இருக்கிறது. கலைஞனுக்குக் கலைஞனாகச் சொல்கிறேன், அவனிடம் இதைச் சொல்.

நேரம் முக்கியம். காலையில் மட்டும் பேசு. குடித்திருக்கும்போது அழாதே, சண்டை போடாதே, மறுநாள் அவனுக்கு எதுவும் நினைவிருக்காது. குடியை விட நினைப்பவர்கள் கூடுகிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்குக் கட்டணம் கிடையாது. 1935இல் அமெரிக்காவில் குடியால் சீரழிந்த இரண்டு பேர் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு தொடங்கியது. நான் இன்றும் போகிறேன். குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனியாக இருக்கிறது. உனக்கும் அது வேண்டும்.

இரவுப்பணி செவிலியர்:

அக்கா, அரிதாரப் புள்ளி பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் உடனே பதில் எழுத வேண்டும் என்று தோன்றியது. அந்தக் கை நடுக்கத்துக்கும் கலைக்கும் சம்பந்தமே இல்லை. தினமும் மது பழகிய மூளை, ஆறேழு மணி நேரம் மது கிடைக்காவிட்டால் தறிகெட்டு ஓடும். நடுக்கம், வியர்வை, படபடப்பு, குமட்டல் எல்லாம் அதனால் வருபவை. மறுபடி குடித்ததும் அடங்கிவிடும். குடி உண்டாக்கிய நடுக்கத்தைக் குடியே நிறுத்திக் காட்டியது. உங்கள் தம்பி அதைத் திறமை என்று நினைத்துவிட்டார். அவர் பொய் சொல்லவில்லை, அவர் உடம்பு அவரை ஏமாற்றுகிறது. குடிக்காத காலத்தில் அந்தப் புள்ளிகளை எப்படி வைத்தார் என்று கேளுங்கள்.

இதனால் ஓர் எச்சரிக்கை. கோபத்தில் அவரை அறைக்குள் பூட்டி, வீட்டிலேயே திடீரென்று நிறுத்த வைக்காதீர்கள். இந்த அளவுக்கு நடுக்கம் வந்தவருக்கு முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் இல்லாத உருவங்களைப் பார்ப்பது, ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றுவது என்று உயிருக்கே ஆபத்தாக முடியலாம். மருத்துவமனையில் வைத்து மாத்திரை கொடுத்து, அதைப் படிப்படியாகக் குறைத்து, பி1 வைட்டமின் ஊசி போட்டுப் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிடலாம்.

இன்னொன்று. சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுத்தால் குடி மறந்துவிடும் என்று பொடி விற்கிறார்கள். வாங்கவே வாங்காதீர்கள். குடியை விட உதவும் டைசல்ஃபிராம் என்ற மாத்திரைகூட மருத்துவர் சொல்லி, நோயாளி தெரிந்து, சம்மதித்துச் சாப்பிட வேண்டியது. தெரியாமல் கொடுத்து, அவர் வெளியே போய்க் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து விழுவார். அப்படி வந்தவர்களை என் கையால் ஸ்ட்ரெச்சரில் ஏற்றியிருக்கிறேன்.

பாலக்கோட்டுக்குத் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கம்தான். மனநலப் பிரிவு வெளிநோயாளி நேரத்தில் போங்கள். அவர் வர மறுத்தால் நீங்கள் மட்டும் முதலில் 14416க்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, இலவசம், தமிழில் பேசலாம், இரவிலும் எடுப்பார்கள். தனியார் மறுவாழ்வு இல்லம் பார்ப்பதாக இருந்தால் அரசு உரிமம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். அடித்துத் திருத்துகிறோம் என்று சொல்கிற இடத்தில் விட்டுவிடாதீர்கள். சென்னை அடையாறில் டி.டி.கே. மருத்துவமனை என்று அழைக்கப்படும் இடத்தை 1980இல் தொடங்கிய சாந்தி ரங்கநாதன், தன் கணவரைக் குடிக்கு இழந்தவர். வீட்டில் இருக்கிற பெண்ணின் வேதனை தெரிந்த இடங்களும் இருக்கின்றன, அதற்காகச் சொன்னேன்.

கண்வெள்ளை மஞ்சளாகவோ கால் வீங்கியோ இருந்தால் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே கிளம்புங்கள்.

பாலக்கோடு தையல்காரி:

பதில் எழுதிய மூன்று பேருக்கும் நன்றி சொல்ல ஒரு மாதம் ஆகிவிட்டது. மன்னிக்க வேண்டும்.

பலகுரல் அண்ணா சொன்னபடி காலையில் பேசினேன். வீடியோ காட்டத் தைரியம் வரவில்லை. அளவு நோட்டைத் திறந்து அவன் பக்கத்தைக் காட்டினேன். 34, 32, 30 என்று மூன்று தேதிகள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது யாருடைய அளவு அக்கா?" என்று கேட்டான். கடைக்கு வரும் பள்ளிக்கூடப் பையன் யாரோ என்று நினைத்திருக்கிறான். உன்னுடையதுதான் என்றேன். டேப்பை எடுத்துத் தானே இடுப்பில் சுற்றிப் பார்த்தான். அப்போதும் கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. வாத்தியார் ஐயா கேட்கச் சொன்னதையும் கேட்டேன். அவன் சொன்னதை இங்கே எழுத முடியாது, ஆனால் கேட்டது நல்லதாகப் போயிற்று. பதினொரு மாதமாக ஒரே பயம் அவனுக்கு. அந்த மூன்று நிமிடத்தைப் போல இன்னொரு முறை தன்னால் செய்ய முடியாது என்ற பயம்.

அடுத்த நாள் மருத்துவமனைக்குப் போனோம். 12 நாள் இருந்தான். மூன்றாம் நாள் இரவு மிக மோசம். சுவரில் எறும்பு ஏறுகிறது, துடை துடை என்று என் கையைப் பிடித்து இழுத்தான். செவிலியர் சகோதரி முன்பே எழுதியிருந்ததால் நான் மிரளாமல் போய்ப் பணியில் இருந்தவரை அழைத்தேன். வீட்டில் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை.

கூத்து வாத்தியார் வாழைப்பழத்தோடு வந்து பார்த்தார். மாசித் திருவிழாவுக்கு வேறொரு பையன் கட்டியக்காரன் கட்டுவதாகச் சொன்னார். தம்பி கோபப்படுவான் என்று பயந்தேன். அவன் கேட்டதெல்லாம், அந்தப் பையன் மதியமே ஊருக்குப் போகிறானா என்றுதான்.

வீட்டுக்கு வந்து 16 நாள் ஆகிறது. குடிக்கவில்லை. சாப்பிடுகிறான். சந்திரபாபு படம் செல்போனில் அப்படியே இருக்கிறது, நான் எடுக்கச் சொல்லவில்லை. கால்சட்டையில் பிடித்த தையலில் ஒன்றை நேற்றுப் பிரித்தேன். உள்மடிப்பில் துணியை வெட்டாமல் விட்டிருந்தது நல்லதாயிற்று.

இப்போது பலகுரல் அண்ணாவிடம் ஒரு கேள்வி. சித்திரையில் நடக்கும் கூத்துக்கு மாரண்டஹள்ளி பக்கத்திலிருந்து வெற்றிலை பாக்கோடு அச்சாரம் கொடுக்க நாளை வருகிறார்கள். பாரதக் கூத்து, வாத்தியார் குழுவோடுதான். தம்பி போக வேண்டும் என்கிறான். மருத்துவர் இன்னும் சில மாதம் பொறுக்கச் சொல்கிறார். நீங்கள் நிறுத்திய பிறகு எத்தனை நாள் கழித்து மேடை ஏறினீர்கள்? முதல் நாள் பக்கத்தில் யாரை வைத்துக்கொண்டீர்கள்? நாளைக் காலைக்குள் பதில் சொன்னால் உதவியாக இருக்கும்.